காமா கதிர் வெடிப்பின் நிறமாலையை நீங்களே பிரித்துப் படிக்க: முழுமையான வழிகாட்டி

2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, புரட்டாசிப் பௌர்ணமி. சாயங்காலம் 6.47 மணிக்கு இராமநாதபுரம் கரையோரத்தில் நின்ற எவருடைய தலைக்கும் ஏறத்தாழ நேர் மேலே, திருவோண நட்சத்திரத்துக்குச் சற்று வடமேற்கே, இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமான காமா கதிர் வெடிப்பு வந்து இறங்கியது. ஜிஆர்பி 221009ஏ என்று அதற்குப் பெயர்: ஜிஆர்பி என்பது காமா கதிர் வெடிப்பின் ஆங்கிலச் சுருக்கம், எண் அது வந்த ஆண்டு, மாதம், நாள். சுமார் 200 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்து வந்த கதிர்கள் அவை. அந்த நிமிடத்தில் பூமியின் எந்தப் பக்கம் அந்தத் திசையைப் பார்த்திருந்தது என்றால், நம் பக்கம்தான். ஆனால் தொண்டியிலும் தனுஷ்கோடியிலும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. காமா கதிர் காற்று மண்டலத்தின் மேலடுக்கிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அயனி மண்டலம் மட்டும் அசைந்து கொடுத்தது. மிகத் தாழ்ந்த அலைவரிசை ரேடியோ சிக்னல்களில் அந்த அசைவு பதிவானது.

ஆகவே இந்த வேலைக்கு டெலஸ்கோப் வேண்டாம், இருட்டான கடற்கரையும் வேண்டாம். ஒரு லேப்டாப், சுமாரான இணையம், கொஞ்சம் பைதான், பிஎஸ்ஸி அளவு இயற்பியல் போதும். நம் கரையோரக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோள் 2008 ஜூனில் ஏவப்பட்டது. அதிலுள்ள, வெடிப்புகளைக் கண்காணிக்கும் ஜிபிஎம் கருவியின் தரவுகள் எல்லாருக்கும் இலவசம். அதை எடுத்து ஒரு வெடிப்பின் நிறமாலையை (எந்த ஆற்றலில் எத்தனை ஃபோட்டான் வந்தது என்ற கணக்கை) ஒரு சமன்பாட்டோடு எப்படிப் பொருத்துவது, வந்த எண்களிலிருந்து எவ்வளவு தூரம் பேசலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் விஷயம். பலரும் சறுக்குவது கடைசிப் பகுதியில்தான்.

முதலில் வகைகள்

1967 ஜூலை 2 அன்று அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள்கள் ஒரு வெடிப்பைப் பதிவு செய்தன. அணுகுண்டுச் சோதனையை வேவு பார்க்க அனுப்பிய கோள்கள் அவை. விஷயம் 1973இல்தான் வெளியே வந்தது. 1991இல் ஏவப்பட்ட காம்ப்டன் ஆய்வகத்தின் பேட்ஸ் கருவி 2,704 வெடிப்புகளைப் பிடித்தது. அவை வானமெங்கும் சீராகப் பரவியிருந்தன. நம் பால்வீதியோடு ஒட்டியவையாக இருந்தால் அப்படிப் பரவியிருக்காது.

1993இல் அதே பேட்ஸ் தரவிலிருந்து இரண்டு குடும்பங்கள் பிரிந்து தெரிந்தன. 2 வினாடிக்கு உட்பட்டவை குறுவெடிப்புகள், அதற்கு மேற்பட்டவை நீள்வெடிப்புகள். குறுவெடிப்புகளின் கதிர் சராசரியில் கடினமானது. அதாவது அதிக ஆற்றல் ஃபோட்டான்களின் பங்கு அதில் கூடுதல். நீள்வெடிப்பு பெரும்பாலும் பெரிய விண்மீன் ஒன்று உள்நோக்கிச் சரிவதால் வருவது. 2003 மார்ச் 29 வெடிப்போடு சேர்ந்து ஒரு சூப்பர்நோவாவும் தெரிந்தபோது அது உறுதியானது. குறுவெடிப்பு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைவதால் வருவது. 2017 ஆகஸ்ட் 17 அன்று ஈர்ப்பலை வந்து 1.7 வினாடி கழித்து ஜிஆர்பி 170817ஏ வந்தபோது அதற்கும் சாட்சி கிடைத்தது.

இந்த 2 வினாடிக் கோட்டை நம்பி மட்டும் முடிவு சொல்லாதீர்கள். ஜிஆர்பி 211211ஏ சுமார் 50 வினாடி நீடித்தது, ஆனால் அதன் பின்னால் தெரிந்தது நியூட்ரான் விண்மீன் இணைப்பின் அடையாளமான கிலோநோவா. ஜிஆர்பி 230307ஏயும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் ஜிஆர்பி 200826ஏ: ஏறக்குறைய ஒரு வினாடிதான், ஆனால் விண்மீன் சரிவிலிருந்து வந்தது. இன்னொன்று: நீள்வெடிப்பின் முதல் ஓரிரு வினாடியை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் அதன் நிறமாலை குறுவெடிப்பின் நிறமாலையைப் போலவே இருக்கும். நேரம் ஒரு தடயம். நிறமாலை இன்னொன்று. சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

எந்த வெடிப்பை எடுப்பது

எல்லாரும் முதலில் 221009ஏவைத்தான் கேட்பார்கள். அது நம் தலைக்கு மேலே வந்ததுதான், ஆனால் கற்றுக்கொள்ள அது வேண்டாம். அதன் உச்ச நேரத்தில் ஃபோட்டான்கள் குவிந்து ஜிபிஎம் டிடெக்டர்கள் திணறிவிட்டன. தரவில் இடைவெளி, துடிப்புமேல் துடிப்பு. அந்தப் பகுதியைச் சாதாரணமாகப் பொருத்தினால் வரும் விடைக்கு அர்த்தமில்லை.

ஜிஆர்பி 080916சியில் தொடங்குங்கள். ஜிபிஎம் பட்டியலில் அதன் எண் பிஎன்080916009. முதல் ஆறு இலக்கம் ஆண்டு, மாதம், நாள். கடைசி மூன்று, அந்த நாளில் ஆயிரத்தில் எத்தனை பங்கு கழிந்தது என்பது. 0.009 நாள் என்றால் உலக நேரம் நள்ளிரவு தாண்டி 13 நிமிடம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். நல்ல பிரகாசம், சுத்தமான பின்னணி, தெளிவான வளைவு, பிரபஞ்சம் விரிவதால் ஒளி அலை எவ்வளவு நீண்டது என்று சொல்லும் செந்நகர்வும் தெரியும் (4.35). இதில் கை பழகிய பிறகு குறுவெடிப்புக்கு 090510, வெப்பக் கதிருக்கு 090902பி.

கோப்புகளை இறக்குவது

நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் ஆண்டு வாரியாக, வெடிப்பு எண் வாரியாக அடைவுகள் இருக்கும். ஜிபிஎம்மில் 14 டிடெக்டர்கள். சோடியம் அயோடைடு பன்னிரண்டு (என்0 முதல் என்9, பிறகு என்ஏ, என்பி), 8 கேஇவி முதல் 1 எம்இவி வரை. பிஜிஓ என்ற பிஸ்மத் ஜெர்மனேட் இரண்டு (பி0, பி1), 200 கேஇவி முதல் 40 எம்இவி வரை. கேஇவி என்பது ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட், எம்இவி பத்து லட்சம், ஜிஇவி நூறு கோடி.

மூன்று வகைத் தரவு கிடைக்கும். டிடிஇ ஒவ்வொரு ஃபோட்டானையும் 2 மைக்ரோ வினாடி துல்லியத்தில் 128 ஆற்றல் தடங்களில் எழுதி வைத்திருப்பது. சிஸ்பெக் அதே 128 தடங்கள், ஆனால் வினாடிக் கணக்கில் தொகுத்தது. சிடைம் நேரத்தில் நுணுக்கம், ஆற்றலில் வெறும் 8 தடம். நீள்வெடிப்புக்கு சிஸ்பெக்கே போதும், கோப்பும் சின்னது. ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்கிறவர்கள் அதிலேயே தொடங்கலாம். குறுவெடிப்புக்கு டிடிஇ இல்லாமல் முடியாது. கூடவே ஒவ்வொரு டிடெக்டருக்கும் உரிய ரெஸ்பான்ஸ் கோப்பையும் (வந்த ஃபோட்டானை அந்த டிடெக்டர் எப்படி எண்ணும் என்று சொல்வது) மறக்காமல் இறக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் எப்போது போகும் என்று நம் பக்கம் யாராலும் சொல்ல முடியாது என்பதால், தேவையானதை ஒரே மூச்சில் இறக்கிவிட்டு மற்ற வேலையை இணையம் இல்லாமலே செய்வது உத்தமம்.

மென்பொருளுக்கு ஜிபிஎம் டேட்டா டூல்ஸ், எக்ஸ்ஸ்பெக், த்ரீஎம்எல் மூன்றுமே இலவசம். எது பிடிக்கிறதோ அது. நான் எக்ஸ்ஸ்பெக் பக்கம். பழையது, முரட்டுத்தனமானது, ஆனால் தப்பு செய்தால் எங்கே செய்தோம் என்று தெரியும்.

டிடெக்டர் தேர்வும் பின்னணியும்

வெடிப்பின் திசைக்கு 60 பாகைக்குள் முகம் காட்டிய சோடியம் அயோடைடு டிடெக்டர்களில் இரண்டு அல்லது மூன்றை எடுங்கள். அதே பக்கத்துப் பிஜிஓ ஒன்று. என்0 முதல் என்5 வரை பி0 பக்கம், மற்றவை பி1 பக்கம். 080916சிக்கு என்3, என்4, பி0 சரியாக இருக்கும். எல்லா டிடெக்டரையும் சேர்த்தால் நல்லது என்று தோன்றும். இல்லை. சரிவாகப் பார்த்த டிடெக்டர் செயற்கைக்கோளின் உடம்பில் பட்டுச் சிதறிய கதிரையும் சேர்த்து எண்ணியிருக்கும்.

பின்னணிக்கு, வெடிப்புக்கு முன்னும் பின்னும் அமைதியான பகுதிகளைக் குறித்து முதல் அல்லது இரண்டாம் படிப் பல்லுறுப்புக்கோவை பொருத்துங்கள். ஃபெர்மி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால் பின்னணி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்றாம் படிக்குப் போனால்தான் சரியாக வருகிறது என்றால், நீங்கள் குறித்த பகுதியே சரியில்லை. மாற்றிக் குறியுங்கள்.

சோடியம் அயோடைடில் 8 முதல் 900 கேஇவி, அதிலும் 30 முதல் 40 வரை விட்டுவிடுங்கள். அயோடினின் கே விளிம்பு 33 கேஇவியில் இருக்கிறது, அங்கே கருவியின் அளவீடு நம்பத்தக்கதல்ல. பிஜிஓவில் 250 கேஇவியிலிருந்து 40 எம்இவி வரை.

ரெஸ்பான்ஸ்: இங்கேதான் நிதானம் வேண்டும்

டிடெக்டர் எழுதி வைத்திருக்கும் எண்ணிக்கை, வானிலிருந்து வந்த நிறமாலை அல்ல. 1 எம்இவி ஃபோட்டான் ஒன்று படிகத்துக்குள் நுழைந்து பாதி ஆற்றலை மட்டும் விட்டுவிட்டு வெளியே ஓடிவிடலாம். கருவி அதை 500 கேஇவி என்று எழுதிக்கொள்ளும். இன்னொன்று பூமியின் காற்றில் பட்டுத் திரும்பி வந்து விழும்.

மண்டபம் ஏலக்கூடத்தில் கூடை கூடையாகச் சூடை மீன் குவிந்திருக்கிறது என்பதற்காகக் கடலில் சூடை மட்டும்தான் இருக்கிறது என்று எந்த மீனவரும் சொல்ல மாட்டார். போட்டது சின்னக் கண் வலை. திருக்கை வலை போட்டிருந்தால் வேறு கதை. வலைக்கண் தெரியும், பாடு (வலையில் கிடைத்த மீன்) என்ன என்று தெரியும், கடலில் என்ன இருந்தது என்று தெரியாது. பாட்டைப் பார்த்துப் பின்னோக்கிக் கடலைக் கணக்கிட வழியில்லை, ஏனென்றால் பலவிதக் கடல்கள் ஒரே பாட்டைத் தரக்கூடும். செய்யக்கூடியது ஒன்றுதான்: கடலில் இப்படி இருந்திருக்கும் என்று ஒரு ஊகத்தை வைத்து, அதை இந்த வலை வழியாக விட்டால் என்ன பாடு கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டு, கையில் இருப்பதோடு ஒப்பிடுவது. ஒத்துவரும்வரை ஊகத்தைத் திருத்துவது.

நிறமாலைப் பொருத்தம் அச்சாக இதுதான். ரெஸ்பான்ஸ் கோப்புதான் வலை. நீங்கள் தரும் சமன்பாடுதான் ஊகம். இதன் விளைவு ஒன்றை நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டுரைகளில் வரும் அழகான நிறமாலைப் படத்தில் தரவுப் புள்ளிகளும்கூட எந்த மாதிரியைப் பொருத்தினார்களோ அதைச் சார்ந்தே வரையப்பட்டவை. மாதிரியை மாற்றினால் புள்ளிகளும் நகரும். புள்ளிகள் வளைவின்மேல் உட்கார்ந்திருக்கிறதே என்று மயங்கக் கூடாது.

மாதிரிகளைப் பொருத்துவது

எளியதிலிருந்து தொடங்குங்கள். முதலில் வெறும் அடுக்கு விதி, அதாவது ஆற்றலின் ஓர் அடுக்காக எண்ணிக்கை குறைவது. பிறகு வெட்டு வைத்த அடுக்கு விதி: ஓர் ஆற்றலுக்கு மேல் வேகமாகச் சரிவது. மூன்றாவது, 1993இல் டேவிட் பாண்ட் குழுவினர் தந்த பாண்ட் சார்பு. கீழ்ப்பக்கச் சரிவு ஆல்ஃபா, மேல்பக்கச் சரிவு பீட்டா, இரண்டையும் வழவழப்பாக இணைக்கும் உச்சம். வழக்கமாக ஆல்ஃபா -1 அருகில், பீட்டா -2.3 அருகில், உச்ச ஆற்றல் 200 கேஇவி சுற்றுவட்டாரத்தில் வரும். குறுவெடிப்பில் ஆல்ஃபா -0.5 பக்கம் போகும், உச்சமும் ஏறும். 090510இல் உச்சம் 4 எம்இவிக்கு அருகில். உச்சம் என்று நாம் சொல்வது, ஒவ்வொரு ஆற்றல் வரம்பிலும் எவ்வளவு ஆற்றல் வெளியானது என்று வரையும் படத்தின் உச்சம். பீட்டா -2ஐ விடத் தட்டையாக வந்தால் அந்தப் படத்தில் உச்சமே கிடையாது. அப்போதும் மென்பொருள் ஓர் எண்ணை அச்சடித்துத் தரும், எடுத்து எழுதிவிடாதீர்கள்.

பொருத்தம் எவ்வளவு நன்று என்று அளக்க கை வர்க்கம் (chi-square) வேண்டாம், குறைந்த எண்ணிக்கைக்கும் ஒத்துவரும் பிஜிஸ்டாட் வையுங்கள். மேல் தடங்களில் ஃபோட்டான் ஒன்றிரண்டுதான் இருக்கும், அங்கே கை வர்க்கம் பொய் சொல்லும். பிஜிஓவுக்கும் மற்ற டிடெக்டருக்கும் இடையே ஒரு சிறு திருத்த மடங்கை விட்டுவையுங்கள், 10, 20 சதவீதத்துக்கு மேல் அது விலகினால் சந்தேகப்படுங்கள். தொடக்க மதிப்புகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள், பாண்ட் சார்பு தவறான பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் சுபாவம் உள்ளது.

ஒரு கூடுதல் அளவுரு வந்தால் பொருத்தம் எப்படியும் கொஞ்சம் முன்னேறும். அந்த முன்னேற்றம் போதுமா என்று பார்க்க, கூடுதல் அளவுருவுக்குத் தண்டம் போடும் பிஐசி போன்ற அளவுகோல் உண்டு. கரும்பொருள் (blackbody, அதாவது வெப்பக் கதிர்) கூறு ஒன்றைச் சேர்த்துக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்வதற்கு முன், அது இல்லாத போலித் தரவுகளை உருவாக்கி, தற்செயலாகவே எத்தனை முறை அப்படித் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். மங்கலான வெடிப்புகளுக்கு வெட்டு வைத்த விதியே போதும் என்று வரும். அதற்கு அர்த்தம் அங்கே பீட்டா இல்லை என்பதல்ல, மேலே ஃபோட்டான் போதவில்லை என்பதுதான். அதனால் இரண்டு வெடிப்புகளின் நிறமாலை வேறு வேறு என்று சொல்லும்முன், இரண்டும் ஒரே அளவு பிரகாசமா என்று கேளுங்கள். பட்டியல்களில் காணும் வித்தியாசங்களில் ஒரு பங்கு பிரகாச வித்தியாசம்தான் என்பது என் கருத்து.

நேரத்தால் வெட்டுவது

முழு வெடிப்பையும் ஒரே நிறமாலையாகப் பொருத்துவது அறிமுகத்துக்குச் சரி, இயற்பியலுக்குச் சரியில்லை. உச்ச ஆற்றல் வெடிப்பின் போக்கில் நகரும். சிலவற்றில் கடினமாகத் தொடங்கி மென்மையாகிக்கொண்டே போகும், சிலவற்றில் பிரகாசத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். நகரும் உச்சங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வளைவு அகன்றுவிடும், ஆல்ஃபா உண்மையைவிடச் சரிவாகத் தெரியும். பேயசியன் பிளாக் முறையில் ஒளிவளைவை (நேரத்தோடு பிரகாசம் மாறும் வரைபடத்தை) துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பொருத்துங்கள்.

இதன் அருமை தெரிய ஜிஆர்பி 160625பியைப் பாருங்கள். முதலில் ஒரு சிறு துடிப்பு, வெப்பக் கதிர். மூன்று நிமிடம் அமைதி. பிறகு பிரமாண்டமான இரண்டாம் பகுதி, அது வெப்பமற்ற பாண்ட் வடிவம். ஒரே வெடிப்புக்குள்ளேயே உமிழ்வின் வகை மாறிவிட்டது. மொத்தமாகச் சேர்த்துப் பொருத்தியிருந்தால் அந்த முதல் துடிப்பு இருந்த இடமே தெரிந்திருக்காது.

எண்களிலிருந்து உமிழ்வு வகைக்கு

பாண்ட் சார்பு இயற்பியல் அல்ல. தரவுக்கு ஒத்துவரும் ஒரு வடிவம், அவ்வளவுதான். பாண்ட் நன்றாகப் பொருந்துகிறது, எனவே சிங்க்ரோட்ரான் என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த எனவே எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சிங்க்ரோட்ரான் என்பது காந்தப்புலத்தில் சுழலும் வேக எலக்ட்ரான்களின் கதிர். அதன் கீழ்ப்பக்கச் சரிவு -2/3ஐ விடத் தட்டையாக இருக்க முடியாது. எலக்ட்ரான்கள் சட்டென்று ஆற்றலை இழந்துவிடும் நிலையில் உச்சத்துக்குக் கீழே -3/2 எதிர்பார்க்கலாம். ஆனால் அளந்ததோ -1 சுற்றி. கணிசமான வெடிப்புகளில் -2/3 எல்லையையும் தாண்டுகிறது. 1998இல் பிரீஸ் குழுவினர் இதைக் காட்டியதிலிருந்து அந்த எல்லைக்கு மரணக்கோடு என்றே பெயர் வந்துவிட்டது.

அப்படியானால் சிங்க்ரோட்ரான் தோற்றுவிட்டதா? இல்லை. அண்மை ஆண்டுகளில் பிரகாசமான வெடிப்புகளில் உச்சத்துக்குக் கீழே இன்னொரு முறிவையும் அனுமதித்துப் பொருத்தினார்கள். முறிவுக்குக் கீழே -2/3 அருகிலும், மேலே -3/2 அருகிலும் வந்தது. 160625பியிலேயே இது தெரிகிறது. ஒரே ஆல்ஃபாவால் இரண்டையும் இழுத்துப் பிடித்தால் நடுவில் -1 வருவது இயல்புதானே. -1 என்ற அந்தப் புகழ்பெற்ற எண், மாதிரி தந்த எண்ணாகவும் இருக்கலாம்.

மேல்பக்கத்தில் பீட்டாவிலிருந்து எலக்ட்ரான்களின் பரவலைக் கணிக்கலாம். அந்தப் பரவலின் அடுக்கு பி என்றால், வேகமாகக் குளிரும் நிலையில் பீட்டா = -(பி+2)/2. பீட்டா -2.3 என்றால் பி 2.6. அதிர்வலைகளில் முடுக்கப்பட்ட துகள்களுக்கு எதிர்பார்ப்பது 2.2 முதல் 2.5 வரை, இது அதற்குச் சற்றே மேல், ஆக பெரிய முரண்பாடில்லை.

வெப்பக் கதிருக்கு வேறு கணக்கு. சுத்தமான கரும்பொருளின் ஆல்ஃபா +1, உச்சம் வெப்ப ஆற்றலின் 3.92 மடங்கில். ஜிஆர்பி 100724பியில் பாண்ட் வடிவத்துக்குள்ளே 38 கேஇவி வெப்பக் கூறு ஒன்று தெரிந்தது, அதன் உச்சம் 150 கேஇவி அருகில் விழும். ஜிஆர்பி 090902பியிலோ வெப்பக் கூறுதான் ஆட்சி. குறுகிய கூர்மையான உச்சம், அதன் அடியில் இரு பக்கமும் நீளும் தனி அடுக்கு விதி. தாரையின் (வெடிப்பிலிருந்து ஒளியின் வேகத்தை ஒட்டிப் பாயும் பொருள் வீச்சின்) ஒளிக்கோளம், அதாவது ஒளி வெளியேறும் பரப்பு, நேரடியாகத் தெரிகிறது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் உதாரணம் இது. ஆனால் நிஜத் தாரையில் பல திசைகளின் வெப்பநிலைகள் கலப்பதால் வெப்ப உச்சம் அகன்று பாண்ட் மாதிரியே தோற்றம் தரவும் கூடும். கூர்மையாக இருந்தால் வெப்பம் என்று தைரியமாகச் சொல்லலாம். அகலமாக இருந்தால் வெப்பமில்லை என்று சொல்ல முடியாது.

170817ஏயும் இங்கே சேரும். அரை வினாடி முதன்மைத் துடிப்பு, உச்சம் 185 கேஇவி சுமார், அதைத் தொடர்ந்து 10 கேஇவி வெப்பம் போன்ற மெல்லிய வால். குறுவெடிப்பு என்றால் கடினம் என்ற மனப்பாடம் இங்கே உதவாது. தாரையை நாம் ஓரத்திலிருந்து பார்த்ததும் ஒரு காரணம்.

இதற்கு மேலே போனால் ஜிஇவி உலகம். ஃபெர்மியின் லாட் கருவி 090510இலிருந்து 31 ஜிஇவி ஃபோட்டான் ஒன்றைப் பிடித்தது. இந்த உயர் ஆற்றல் கதிர் தாமதமாகத் தொடங்கி நீண்ட நேரம் நீடிக்கும், அதன் பெரும்பகுதி, வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் பின்னொளியைச் சேர்ந்தது. 2019இல் 190114சியிலிருந்து மேஜிக் தொலைநோக்கிகள் டெரா (லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்) அளவிலேயே கதிரைப் பதிவு செய்தன. அதை விளக்க, எலக்ட்ரான்கள் தாம் உமிழ்ந்த ஒளியையே மறுபடி மோதி உயர்த்துகின்றன என்ற கணக்கு வேண்டியிருந்தது. 221009ஏயில் இன்னொரு விசித்திரம்: வெடிப்பு தொடங்கி ஐந்து நிமிடத்துக்குச் சற்று முன்பிருந்து 12 எம்இவியில் ஓர் உமிழ்வுக் கோடு தெரிந்து 6 எம்இவி வரை இறங்கியது. எலக்ட்ரானும் பாசிட்ரானும் அழிவதால் வரும் 511 கேஇவி கோடு, தாரையின் வேகத்தால் அவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கலாம் என்கிறார்கள்.

நிறமாலை மட்டும் வைத்துத் தீராத வழக்கை முனைவாக்கம் (ஒளி அலைகள் ஒரே திசையில் அதிரும் அளவு) கொண்டு பார்க்கலாம். 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம் அஸ்ட்ரோசாட்டின் சிஇசட்டிஐ கருவி அதை 100 கேஇவிக்கு மேல் அளக்கிறது. 160821ஏ வெடிப்பில் முனைவாக்கத்தின் திசை நேரத்தோடு மாறுவதைக் காட்டியது அதுதான்.

எழுதும்போது

செந்நகர்வு தெரிந்தால் உச்ச ஆற்றலை (1+செந்நகர்வு) ஆல் பெருக்கி மூலத்தின் அளவுக்கு மாற்றுங்கள். 080916சிக்கு 5.35 மடங்கு. செந்நகர்வு தெரியாத வெடிப்பை இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். அப்புறம், உங்கள் அட்டவணையில் ஆல்ஃபா, பீட்டா, உச்சம் மட்டும் போட்டால் யாருக்கும் பயனில்லை. எந்த நேர இடைவெளி, எந்த டிடெக்டர்கள், எந்த ஆற்றல் வரம்பு, எந்த மாதிரி, எந்தப் புள்ளியியல், பிழை 68 சதவீதமா 90 சதவீதமா என்று ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். உங்கள் 080916சி எண்களை ஜிபிஎம் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் எடுத்த அதே இடைவெளியை எடுத்தும் உச்ச ஆற்றல் பிழை வரம்புக்கு வெளியே போனால், முதலில் பின்னணியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.